எங்கள் பள்ளிப் பிள்ளை பெண்கள் பிரிவில் ஓடலாமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி பி.டி. எழுதியது:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளி எது, பிள்ளை யார் என்று தெரிகிற மாதிரி எதையும் எழுதப் போவதில்லை, தயவுசெய்து கேட்க வேண்டாம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், ஆண் என்று இருக்கிறது. ஆனால் வீட்டில் அவளைப் பெண்ணாகத்தான் வளர்க்கிறார்கள். அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். அவரே ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து தலைமையாசிரியரிடம் "இது என் மக, அப்படியே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்புப் பிள்ளைகள் எங்களைவிடச் சீக்கிரமாகவே பழகிவிட்டார்கள். 200 மீட்டர் நன்றாக ஓடுவாள். எங்கள் பள்ளியிலேயே அவளை முந்துகிற மாணவிகள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது குறுவட்டப் போட்டிக்கு, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் முதல் கட்டப் போட்டிக்கு, பெயர் கொடுக்க வேண்டும், 14 வயதுப் பிரிவு. தகுதிப் படிவத்தில் போட்டோ, எமிஸ் எண், பிறந்த தேதி, அப்புறம் மாணவர் / மாணவியர் என்று போட்டு ஒன்றை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் பேனா நின்றுவிட்டது. ஆண்கள் பிரிவில் ஓடு என்றால் அவள் ஓட மாட்டாள், கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் "திருநங்கைகள் பெண்கள் பிரிவில் ஆட அமெரிக்காவிலேயே தடை போட்டுவிட்டார்கள், நமக்கு எதற்கு வம்பு" என்று செய்தி மேல் செய்தியாக அனுப்புகிறார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் பயப்படுகிறார். இந்த வருடம் அவளுக்கு ஃபினிஷிங் கோட்டில் நேரம் குறிக்கிற வேலை கொடுத்துவிடலாம் என்கிறார்.

நம் நாட்டில் அப்படித் தடை ஏதும் இருக்கிறதா? பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தால் பள்ளி மீது நடவடிக்கை வருமா? ஓட விடாவிட்டால்தான் தப்பா? தெரிந்தவர்கள் தெளிவாகச் சொன்னால் படிவத்தைக் கொடுக்கும் முன் முடிவெடுப்பேன்.

—

ஊட்டி வக்கீல் எழுதியது:

சார், முதலில் அந்த வாட்ஸப் செய்திகளை ஓரமாக வையுங்கள். அமெரிக்க மாநிலச் சட்டம் எதுவும் கோத்தகிரி மைதானத்துக்குப் பொருந்தாது.

நம்மிடம் இருப்பது 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-வது பிரிவைத் தலைமையாசிரியருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் திருநருக்குப் பாகுபாடில்லாமல், மற்றவர்களுக்குச் சமமாக, கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் தர வேண்டும் என்கிறது. விளையாட்டு என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது, நாமாகப் பொருள் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பள்ளி உதவி பெறும் பள்ளி, ஆகவே நேராக இதற்குள் வருகிறது. கல்வி நிறுவனங்களில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 3-வது பிரிவும் தனியாகச் சொல்கிறது. இதற்கெல்லாம் அடித்தளம் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் கொடுத்த தீர்ப்பு.

ஆக, ஓட விடாமல் உட்கார வைப்பதுதான் பள்ளிக்குச் சிக்கல். நேரம் குறிக்கிற வேலை கொடுத்தோம் என்பது பதிலாகாது, அந்த வேலையை ஓட ஆசைப்படாத பிள்ளைக்குக் கொடுங்கள்.

அடுத்தது எந்தப் பிரிவு என்பது. இங்கேதான் சட்டம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. சமமாகக் கொடு என்கிறதே தவிர ஆண் பிரிவா பெண் பிரிவா என்று சொல்லவில்லை. ஆட்சியரிடம் வாங்கும் சான்றிதழும் இதைத் தானாகத் தீர்த்துவிடாது, 6-வது பிரிவில் கிடைக்கும் சான்று 'திருநர்' என்றுதான் வரும், படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஆனால் 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி போனது. மாவட்ட ஜூடோ போட்டியில் பெண்கள் பிரிவில் ஒரு திருநங்கையின் விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்கள். திருநருக்குத் தனிப் பிரிவு வைக்கவில்லையென்றால் அவர் தேர்ந்தெடுக்கும் பிரிவில் அனுமதிக்க வேண்டும் என்ற வழியில்தான் நீதிமன்றம் போனது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம், மதிப்பு உண்டு. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2021 ஜூனில் பள்ளி, கல்லூரிகளில் இந்த மாணவர்களுக்குத் தகுந்த கழிப்பறை வேண்டும், கல்விப் பதிவேடுகளில் பெயர், பாலினம் மாற்ற வழி வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான்: தலைமையாசிரியர் கையெழுத்தோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கும் ஒரு கடிதம். 13-வது பிரிவைக் குறிப்பிட்டு, இந்த மாணவியைப் பெண்கள் பிரிவில் பதிவு செய்கிறோம், ஆட்சேபம் இருந்தால் போட்டிக்கு முன் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் என்று. அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாய் வார்த்தையாக யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சான்றிதழுக்கு அம்மாதான் விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை மைனர் என்பதால். பிங்கர்போஸ்ட் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் சான்றிதழ் வரும்வரை ஓட்டத்தை நிறுத்தி வைக்காதீர்கள், விளையாட்டு வாய்ப்பைக் கொடுக்கச் சான்றிதழைக் காட்டு என்று 13-வது பிரிவில் எங்கேயும் இல்லை.

—

பந்தலூர் அம்மா எழுதியது:

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

என் மகள் 17 வயதுப் பிரிவில் ஓடுகிறாள். பந்தலூர்ப் பக்கம் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மைதானம் முழுக்கச் சேறு, அட்டை ஏறும், அதனால் விடியும் முன் எஸ்டேட் ரோட்டில்தான் ஓடுவாள், அவள் அப்பா டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் பைக்கில் போவார், யானை நிற்கிறதா என்று வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டே. அவளுக்கு இருக்கும் ஒரே வழி விளையாட்டுச் சான்றிதழ்தான். மாநில அளவில் ஒரு இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அப்புறம் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. எங்களுக்கு வேறு சொத்து இல்லை.

பருவமடைந்த பிறகு ஓட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுமாராக 10 முதல் 12 சதவீதம் வித்தியாசம் இருக்கிறது என்பது விளையாட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். 27 நொடியில் 200 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்குப் 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 3 நொடி. மூன்று நொடிக்குள் ஒரு ஃபைனலே அடங்கிவிடும். உலகத் தடகள அமைப்பே 2023 மார்ச்சில், ஆண் பருவத்தைக் கடந்த திருநங்கைகள் சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் வெறுப்பினால் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அந்த அம்மா செய்தது பெரிய காரியம், என்னால் அப்படி முடிந்திருக்குமா தெரியாது. ஆனால் பெண்கள் பிரிவு என்று தனியாக ஏன் வைத்தார்கள்? எல்லோரையும் ஒன்றாக ஓடவிட்டால் நம் பெண்கள் ஒருத்தி கூட ஃபைனலுக்கு வர மாட்டாள் என்பதால்தானே. அந்தப் பிள்ளை பருவமடைந்துவிட்டதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வக்கீல் சார் எப்படி முடிவு சொல்கிறார்?

—

அரவங்காட்டான் எழுதியது:

நான் அரவங்காட்டில் பிறந்து வளர்ந்தவன், இப்போது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கிறேன். வாட்ஸப்பில் வருவது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன்.

முதலில் தடை போட்டது ஐடஹோ மாநிலம், 2020-ல். அதற்கப்புறம் மேற்கு வர்ஜீனியா, டெக்சஸ், ஃபுளோரிடா என்று 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள். 2025 பிப்ரவரி 5 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக ஆணை போட்டார், பெண்கள் பிரிவில் திருநங்கைகளை அனுமதிக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கு மத்திய அரசு நிதியை நிறுத்துவோம் என்று. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு மறுநாளே விதியை மாற்றிக்கொண்டது. ஐடஹோ, மேற்கு வர்ஜீனியா சட்டங்களை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2026 ஜனவரியில் வாதம் நடந்தது. மேற்கு வர்ஜீனியா வழக்கில் இருக்கும் மாணவி, ஆண் பருவத்தையே அடையாதபடி முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொண்டவர். அந்தச் சட்டம் அவரையும் தடுக்கிறது. பந்தலூர் அம்மா, நீங்கள் சொன்ன 10 சதவீதக் கணக்கு அவருக்குப் பொருந்தாது, ஆனாலும் தடை தடைதான்.

யூட்டா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் இங்கே சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டு வந்தபோது ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவரும் அதே குடியரசுக் கட்சிக்காரர்தான். மாநிலத்தில் பள்ளி விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் 75,000 பேர், அதில் திருநர் 4 பேர், அந்த நால்வரில் பெண்கள் பிரிவில் ஆடுவது ஒரே ஒரு பிள்ளை என்று கடிதத்தில் எழுதினார். சட்டமன்றம் அவரை மீறிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

அதே வருடம் ஆகஸ்டில் வெளியே வந்த விஷயம்தான் என்னை உலுக்கியது. ஒரு போட்டியில் ஒரு பெண் நல்ல வித்தியாசத்தில் முதலில் வந்தாள். இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களின் பெற்றோர் அவள் உண்மையிலேயே பெண்தானா என்று புகார் கொடுத்தார்கள். பள்ளி விளையாட்டுச் சங்கம் அவள் குடும்பத்துக்கே தெரியாமல் மழலையர் வகுப்பு வரைக்கும் பின்னோக்கிப் போய் அவளுடைய பதிவேடுகளைப் பார்க்க வைத்தது. எல்லாவற்றிலும் அவள் பெண். அம்மா, சந்தேகம் என்று வந்துவிட்டால் அது திருநங்கைப் பிள்ளையோடு நிற்பதில்லை. வேகமாக ஓடுகிற, முடியை ஒட்ட வெட்டிய, தோள் அகலமான எந்தப் பெண்ணிடமும் வரும். ஐடஹோ சட்டத்தில் சந்தேகம் எழுந்தால் உடற்பரிசோதனை, மரபணுச் சோதனை வரைக்கும் எழுதியே வைத்தார்கள்.

நமக்கு இது புதிதா என்ன. புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அவர் திருநங்கை அல்ல, பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். பாலினச் சோதனை என்று ஒன்றை வைத்து, பதக்கத்தைப் பறித்து, அதை ஊருக்கே டிவியில் சொன்னார்கள். ஒரு செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இது உருப்படியான விஷயம். 2025 மே கடைசியில் கலிஃபோர்னியா மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் ஒரு திருநங்கை மாணவி கலந்துகொண்டார். அந்த மாநிலத்தில் 2013-லிருந்தே மாணவர்கள் தங்கள் பாலின அடையாளப்படி ஆடலாம் என்று சட்டம் இருக்கிறது. இந்த முறை, அவரால் யாருக்காவது இடம் போகுமென்றால் அந்தப் பெண்ணுக்கும் ஓர் இடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பதக்க மேடையிலும் அப்படித்தான், அதே இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் திருப்தி இல்லை, சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய பெயரும் பட்டியலிலிருந்து அடிக்கப்படவில்லை. குறுவட்டத்தில் இதைச் செய்ய யாரைக் கேட்க வேண்டும், ஒரு ஹீட் (தகுதிச் சுற்று ஓட்டம்) கூடுதலாக வைத்தால் போகிறது.

—

குன்னூர்க்காரி எழுதியது:

நான் திருநங்கை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படிப்பு வராமல் இல்லை, பி.டி. பீரியட் தாங்க முடியாமல்தான் விட்டேன், சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பையன்கள் பனியனைக் கழற்றிவிட்டுக் கபடிக்கு இறங்குவார்கள், என்னையும் கழற்றச் சொல்வார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். குளிரில் சிமெண்ட் சில்லென்று இருக்கும், மணி அடிக்கும் வரை அங்கேதான். ஒருநாள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஓர் ஆள் குறைந்தது, ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைத்தாள். முதுகில் தட்டி "கோ" சொன்னதும் நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றைக்கே ஆசிரியர் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் அடித்தார். அப்புறம் தொட்டிக்குப் பின்னால்கூடப் போகவில்லை, பள்ளிக்கே போகவில்லை.

அதனால் பி.டி. சார், அந்த நேரம் குறிக்கிற வேலை வேண்டாம். அவள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கச் சொல்வது எனக்கு நடந்ததில் மரியாதையான வகை, அவ்வளவுதான்.

பந்தலூர் அக்கா, உங்கள் மகள் டார்ச் வெளிச்சத்தில் ஓடுவதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது, அவள் ஜெயிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை பருவமடைந்துவிட்டதா என்று இங்கே கேட்காதீர்கள் அக்கா. அது அவள் அம்மாவுக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சு. உங்கள் மகளைப் பற்றி ஊர் பேர் தெரியாத பத்து பேர் இப்படிக் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

சார், சட்டத்தைவிட எனக்கு மைக்தான் பயம். படிவத்தில் எமிஸ் பெயர்தான் இருக்கும். ஸ்டார்ட்டிங்குக்கு ஆள் கூப்பிடும்போது மைக்கில் அந்த ஆண் பெயரைச் சொன்னால், அப்புறம் அவள் கோட்டுக்குப் போகவே மாட்டாள், மற்ற பள்ளிப் பையன்கள் விசில் அடிப்பார்கள். முன்கூட்டியே மைக் பிடிக்கிறவரிடம் பேசி, பள்ளிப் பெயரும் செஸ்ட் நம்பரும் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள், அவளுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்குமே. டிராக் பேண்ட், ஸ்வெட்டரோடு வீட்டிலிருந்தே வரட்டும், மலையில் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள், உடை மாற்றும் பிரச்சினை வராது. கழிப்பறைக்கு அவள் வகுப்புத் தோழி ஒருத்தி கூடப் போகட்டும். இன்னும் ஒன்று, அவளைக் கேளுங்கள். ஓட ஆசை என்றாலும் நாலு பள்ளி பார்க்க நிற்கத் தயாரா என்று அவள்தான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அடுத்த வருடம் ஓடட்டும், வற்புறுத்த வேண்டாம்.

—

கோத்தகிரி பி.டி. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடம் 13-வது பிரிவை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார், "இது சட்டமாகவே இருக்கிறதா" என்று கேட்டார், கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவத்தில் 'மாணவியர்' என்பதை விட்டுவிட்டு மற்றதை அடித்திருக்கிறேன். கூடுதல் ஹீட் பற்றி மற்ற பள்ளி பி.டி.க்களிடம் பேசினேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மற்றவர்கள் சரி என்றார்கள். மைக் பிடிப்பது என் பழைய மாணவன்தான், நம்பரை மட்டும் கூப்பிடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டான்.

குன்னூர் அம்மா, நீங்கள் சொன்னபடி பிள்ளையிடமும் கேட்டேன். ஓடுகிறேன், ஆனால் தனியாக ஓடும் முன் ரிலேயில் விடுங்கள், நாலு பேரோடு இருந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். 4x100-க்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டேன், கடைசி ஓட்டத்துக்கு அவளைத்தான் போட வேண்டும் என்கிறார்கள்.

வக்கீல் சார், கடிதத்தில் அவளுடைய உடல்நிலை, மருத்துவம் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது சரிதானே?

—

ஊட்டி வக்கீல் எழுதியது:

மிகச் சரி. கேட்டாலும் எழுதாதீர்கள், அம்மாவின் சம்மதமில்லாமல் பள்ளி அதை யாருக்கும் சொல்லக் கூடாது. முத்திரை வாங்கிய நகலைப் போட்டி அன்று கையோடு எடுத்துப் போங்கள். யாராவது களத்தில் ஆட்சேபம் சொன்னால் அங்கே விவாதம் வேண்டாம், ஓடவிட்டு, ஆட்சேபத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்நிலைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

—

பந்தலூர் அம்மா எழுதியது:

அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொல்லி அட்மினுக்கு எழுதியிருக்கிறேன், குன்னூர்த் தங்கை சொன்னது நியாயம்.

ஆனால் என் கருத்து மாறவில்லை. 14 வயதுப் பிரிவு, குறுவட்டம், கூடுதல் ஹீட், இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஓடட்டும். 17, 19 என்று போய் மாநில அளவில் சான்றிதழ், ஒதுக்கீடு என்று வரும்போது கலிஃபோர்னியாவில் செய்த மாதிரி இங்கேயும் இரண்டு பேருக்கும் சான்றிதழ் தருவார்களா? அரசு அதை எழுத்தில் சொல்லட்டும், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். சொல்லாத வரைக்கும் எதிர்த்துப் பேசுவேன். வக்கீல் சார், அப்படி ஒரு கோரிக்கையை விளையாட்டுத் துறைக்கு யார் பெயரில் எழுத வேண்டும்? பி.டி. சாரும் நானும் சேர்ந்து எழுதலாமா?